தள்ளிக்கொண்டு ஏறியவர்கள்

போன மாதம் நகரசபையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர். சைக்கிள் பாதையின் இரண்டாம் கட்டம் தொடங்கப் போகிறதாம், அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம், முதல் கட்டத்தைக் கட்டியவன் என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "நல்ல அனுபவமா எழுதுங்க சேர். பாஸ்போர்ட் சைஸ்ல ஒரு படமும் வேணும்" என்றார். மரியாதையான பிள்ளை. சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நல்ல அனுபவம் என்று அவர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டாம் கட்டமும் பள்ளத்துப் பக்கமா தானா?" என்று கேட்டேன்.

"ஆமா சேர். அந்தப் பக்கந்தானே வியூ இருக்கு."

அவர் போன பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நான் எழுதப் போவதை அவர்கள் மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அம்மாவுக்குக் கொழுந்துக்கூடை, அப்பாவுக்குச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி. உயர்தரம் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் பசியோடு காலந்தள்ளி, நகரசபை வேலைக்கு வந்தேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்திலிருந்து அளவுநாடாவைக் கையில் பிடித்து, அளந்ததை எழுதி, கீழே கையெழுத்தும் போடுகிற வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதுவரை எங்களை மற்றவர்கள்தான் அளந்தார்கள். பறித்த கொழுந்தை ஒருவர் நிறுப்பார், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வந்த தலைகளை ஒருவர் எண்ணுவார், அது சரியா பிழையா என்று நாங்கள் கேட்டதில்லை. இப்போது நான் எண்ணினேன், மற்றவர்கள் நம்பினார்கள். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லையென்று சொன்னால் இந்தக் கட்டுரையே பொய்.

என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் ஒரே எஞ்சினியரின் கீழ்தான் இருந்தேன். சிங்களவர், கண்டிப் பக்கத்து ஆள், நல்ல படிப்பாளி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாருக்கும் எதையும் முடியாது என்றும் சொன்னதில்லை. எது சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "மிஸ்டர் அந்தோனி, அதை எழுதித் தாருங்கள்" என்பார் சிங்களத்தில். எழுதிக் கொடுத்தால் கடைசி வரிவரை வாசிப்பார். ஓரத்தில் பச்சைப் பேனாவால் சின்னதாக ஒரு கையொப்பம். பிறகு கோப்பில் துளையிட்டுக் கோத்துவிடுவார். அதோடு சரி.

ஒருமுறை சந்தைக்குப் பின்னால் கட்டிய கல்மதில் பிதுங்கி நிற்கிறது என்று சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். தந்தேன். அடுத்த மழைக்கு மதில் சரிந்து இரண்டு மரக்கறிக் கடைகளை மூடியது. நல்ல காலம், ஞாயிறு மாலை, கடைகளில் ஆட்கள் இல்லை. விசாரணையில் அவர் கோப்பைத் திறந்து என் கடிதத்தைக் காட்டினார், அதற்கு அடுத்த நாள் அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார், மேலிடம் பெற்றுக்கொண்டதாக அனுப்பிய கடிதத்தைக் காட்டினார். எல்லோரும் எழுதியிருந்தார்கள். மதில் விழுந்தது, உத்தியோகத்தர் ஒருவரும் விழவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊருக்குச் சைக்கிள் வந்தது. அதற்குமுன் இந்த மேட்டில் யார் சைக்கிள் ஓட்டுவார்? பஸ் இல்லை, ஆட்டோ இல்லை என்றானதும் பழைய சைக்கிளுக்கு அடிபிடி. கீழே கடைத்தெருப் பக்கம், ரவுனில், வேலை செய்கிற தோட்டத்து ஆட்கள், மரக்கறிக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள், பேக்கரிக்காரர்கள் எல்லோரும் வாங்கினார்கள். எங்கள் சபையில் வீதி வேலை செய்த மாரிமுத்துவும் ஒன்று வாங்கினார். வரிசைகள் முடிந்த பிறகும் அந்தச் சைக்கிள்கள் நிற்கவில்லை. பஸ் கட்டணம் அப்படி ஏறியிருந்தது.

அந்த நேரம் வெளிநாட்டு உதவி ஒன்று கிடைத்தது. சிறு நகரங்களில் வாகனங்களுக்கும் சைக்கிளுக்கும் நடுவே கொங்கிரீட் கட்டுப் போட்டுப் பாதுகாப்பான சைக்கிள் பாதை அமைக்கும் திட்டம். எங்களுக்கு ஒரு வீதிக்கு, ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்தது. ரவுனிலிருந்து மேல் தோட்டத்துக்கு ஏறுகிற வீதி அது. ஏறும்போது இடது கைப்பக்கம் மண்மேடும், மழைத்தண்ணீர் ஓடுகிற கானும். இறங்கும்போது இடது கைப்பக்கம் பள்ளம், கீழே நீர்த்தேக்கம், எதிரே தேயிலை மலை. எந்தப் பக்கம் போடுவது என்று தீர்மானிக்க ஒரு கணக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். அந்த வேலை எனக்கு வந்தது.

படிவம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஏறுவோர், இறங்குவோர் என்று இரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் வாகனம், சைக்கிள் ஓட்டுபவர், பாதசாரி என்று மூன்று கட்டம். காலை ஐந்து மணியிலிருந்து மாலை ஏழு வரை, ஒரு வாரம் எண்ண வேண்டும். கீழே சந்தியில் ஒருவரையும், மேலே வளைவில் மாரிமுத்துவையும் இருத்தினேன். மாரிமுத்து எட்டாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். இருபது வருடமாக என்னோடு வேலை செய்தவர். நான் நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தால் மறு நுனியை அவர்தான் பிடிப்பார்.

முதல் நாள் மாலை அவர் படிவத்தோடு என்னிடம் வந்தார்.

"சேர், சைக்கிள தள்ளிக்கிட்டு போறவங்கள எதுல போடுறது?"

"ஏறி ஓட்டுறானா?"

"இந்த மேட்டுல எங்க சேர் ஓட்டுறது? எல்லாரும் தள்ளிக்கிட்டு தான் போறாங்க. நானும் அப்படித்தானே போறேன்."

படிவத்தைப் பார்த்தேன். சைக்கிள் ஓட்டுபவர் என்று இருந்தது. ஓட்டாதவனை ஓட்டுபவர் கட்டத்தில் எப்படிப் போடுவது? ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நடந்து போறவங்கள்ல போடுங்க மாரிமுத்து" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான் சேர்" என்றார். படிவத்தின் அடியில் என் கையாலேயே ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்: சைக்கிளைத் தள்ளிச் செல்வோர் பாதசாரிகளாகக் கொள்ளப்பட்டனர்.

கணக்கு முடிந்தபோது இறங்குகிற பக்கத்தில் சைக்கிள் நிறைய இருந்தது. ஏறுகிற பக்கத்தில் விரல் விட்டு எண்ணலாம். அதுவும் வெள்ளைக்காரப் பயணிகள்தான், கியர் சைக்கிள் வைத்திருந்தவர்கள். காலையில் இறங்கிய அத்தனை பேரும் மாலையில் எங்கே போனார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்த ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேட்டில் பிறந்து மேட்டில் வளர்ந்தவன் நான். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இந்தப் பிழையை விட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

பள்ளத்துப் பக்கம் என்று முடிவானது. சபையின் தலைவர், தவிசாளருக்கும் அதுதான் விருப்பம். நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி சைக்கிள் ஓட்டுகிற படம் ஒன்றை அவர் ஏற்கெனவே மனதில் எடுத்துவிட்டார்.

பிழை எனக்கு உறைத்தது கொங்கிரீட் போடுகிற நாட்களில்தான். அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மாரிமுத்து சாந்துக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சங்கடத்தோடுதான் சொன்னார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. எறங்குறப்ப எனக்கு எதுக்கு சேர் இந்தக் கட்டு? எறங்குறப்ப நானும் லொறி ஓடுற ஓட்டத்துக்கு தானே ஓடுறேன். ஏறுறப்ப தான் பயம். மெதுவா போறோம், பின்னுக்கு வர்றது தெரியாது. இப்ப இந்தப் பக்கம் அஞ்சடி எடுத்துட்டோம். லொறி அந்தப் பக்கம் ஒதுங்கி தானே வரணும்?"

நான் வீதியைத் திரும்பிப் பார்த்தேன். ஏறுகிற பக்கத்தில் தார் விளிம்புக்கும் கானுக்கும் நடுவே ஓரடிகூட இல்லை. அன்று மாலையே எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். எழுதித் தரச் சொன்னார். எழுதினேன், ஆனால் கணக்கெடுப்பு பிழை என்று எழுதவில்லை. ஏறும் பக்கத்துக்கும் ஒரு பாதை எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படலாம் என்று எழுதினேன். பச்சைக் கையொப்பம் விழுந்தது. கோப்பு மூடியது. மறுநாள் மாரிமுத்து கேட்டபோது, "எழுதிக் குடுத்திருக்கேன், ரெண்டாம் கட்டத்துல பாப்பாங்க" என்றேன்.

"சேர் எழுதிட்டீங்கன்னா சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாதையைத் திறந்தார்கள். மூன்று மாதம் பரீட்சார்த்த காலம். நல்ல வேலைதான் அது, கட்டின் விளிம்புகூட எங்கும் கோணவில்லை. முதல் வாரம் தள்ளிக்கொண்டு ஏறுகிறவர்களும் அந்தக் கட்டுக்குள்ளேயே ஏறினார்கள். வேறென்ன செய்வார்கள், பாதுகாப்பான இடம் அது ஒன்றுதானே. மேலிருந்து விசையாக இறங்குகிறவர்களுக்கு அது இடைஞ்சல். வெள்ளைக்காரப் பயணிகளை அந்தப் பாதைக்கு அனுப்பிய ஹோட்டல்காரர்கள் முறைப்பாடு செய்தார்கள். நடப்பவர்கள் உள்ளே வரக்கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை வைக்கச் சபை சொன்னது, வைத்தேன். மாலையில் ஒரு காவலாளி நின்று, தள்ளிக்கொண்டு வருகிறவர்களை மறுபக்கம் அனுப்பினார். அவர்கள் நடக்கிறவர்கள்தானே. என் குறிப்பின்படியும் அவர்கள் நடக்கிறவர்கள்தான்.

இரண்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து மணியளவில், கையெட்டும் தூரம்கூடத் தெரியாத பனிமூட்டம். மாரிமுத்து வேலை முடிந்து மாவு மூட்டை ஒன்றைக் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். உடப்புசல்லாவைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றப் போன லொறி பின்னால் வந்திருக்கிறது. எதிரே ஒரு பஸ். லொறிக்கு ஒதுங்க அந்தப் பக்கம் இடமில்லை, எங்கள் கட்டு இருக்கிறது. இந்தப் பக்கம் ஒதுக்கினார் டிரைவர். சைக்கிளும் மூட்டையும் கானுக்குள் போயின. மாரிமுத்துவின் வலது கால் சக்கரத்துக்கும் கான் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டிரைவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மனுஷன்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பரீட்சார்த்த காலம் முடிந்ததும் நிறைவுச் சான்றிதழை நான் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் பத்தொன்பது கேள்விகள். பதினேழாவது கேள்வி: இக்காலத்தில் இவ்வீதியில் சைக்கிள்காரர் எவரேனும் விபத்துக்குள்ளானாரா? ஆம் என்று எழுதினால், உதவி தந்தவர்களின் நிபந்தனைப்படி பாதை அமைந்த பக்கத்தை முழுதாக மறுபடி ஆராய வேண்டும், அதற்குப் பிறகுதான் இரண்டாம் கட்டம். அதாவது ஒரே ஒரு சொல்லில் ஏறுகிற பக்கத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கும். அந்தச் சொல் என் பேனாவில் இருந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு எஞ்சினியர் அறைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். அவர் மேசையில் எப்போதும்போல ஒரு தாளும் கிடக்கவில்லை.

"பதினேழுக்கு ஆம் என்று எழுதப் போகிறேன், சேர்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எழுதுவது நீங்கள்தான், மிஸ்டர் அந்தோனி. நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றார். "பொலிஸ் அறிக்கையில் என்ன இருக்கிறது?"

"பாதசாரி என்று இருக்கிறது."

"ஏன் அப்படி எழுதினார்கள்?"

"தள்ளிக்கொண்டு போனதால்."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தார். எதையும் தேடவில்லை, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணக்கெடுப்புப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, என் கையெழுத்துக்கு மேலே இருந்த குறிப்பில் விரலை வைத்தார். என் எழுத்து அழகாக இருந்தது.

"இன்றைக்கு ஆம் என்று எழுதினால், அன்றைக்கு எழுதியது பிழை. அது பிழை என்றால் எண்ணியது பிழை. எண்ணியது பிழை என்றால் கட்டியது பிழை" என்றார் கடைசியில். கோபமே இல்லாத குரல். "நீங்கள் ஓய்வில் போக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, இல்லையா? யோசித்து எழுதுங்கள். நான் ஒப்பமிடுகிறேன். நீங்கள் எதை எழுதினாலும் ஒப்பமிடுகிறேன்."

அது உண்மை. அவர் ஒப்பமிட்டிருப்பார். என்னை அவர் மிரட்டினார் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஓய்வூதியம் போய்விடும் என்ற பயம் அதில் கொஞ்சம்தான். மூன்று மொழிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு விசாரணையில், மலையில் பிறந்த இவனுக்கு, மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள் என்பதுகூடத் தெரியவில்லையே என்று யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். முப்பது வருடமாக என் கணக்கில் ஒரு அங்குலம் பிழை வந்ததில்லை என்று பெருமை பேசியவன். அந்தப் பெருமையைக் காப்பாற்ற ஒரு காலுக்கு மேல் தேவைப்பட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் போலிருக்கிறது. கொடுத்தது என் கால் இல்லையே.

அவர் மேசையிலேயே வைத்து எழுதினேன். பதினேழு: இல்லை. பச்சைப் பேனா வந்தது. சாப்பாட்டு மணியும் அடித்தது.

அந்த ஒரு சொல்லால்தான் இரண்டாம் கட்டமும் பள்ளத்துப் பக்கம் போகிறது. சைக்கிள்காரர் ஒருவருக்கும் கீறல்கூட விழாத பாதை என்று அதற்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இன்றும் மாலை நாலரைக்குப் பிறகு சந்தியில் நின்று பாருங்கள். கானின் ஓரமாக வரிசையாகத் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். எதிர்ப்பக்கக் கட்டுக்குள் ஒரு ஈ காக்கை இருக்காது.

ஓய்வு பெற்ற அடுத்த வாரம் மாரிமுத்துவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். அதுவரை போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்ததோடு சரி. லயத்தின் கடைசிக் காம்பராதான் அவருடைய வீடு. வாசலுக்கு வெளியே, சுவரோரம், முன்சக்கரம் மடிந்த சைக்கிள் கிடந்தது. முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பழக்கம். கக்கத்துக் கட்டையை ஊன்றப் போன கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அவர் மனைவி சரசு பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். சீனி போதுமா என்று கேட்டார். அந்த வீட்டில் என்னை ஒருவர்கூட முகம் சுளித்துப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தைச் சொன்னேன், குறிப்பைச் சொன்னேன், எஞ்சினியர் விரல் வைத்த இடத்தைச் சொன்னேன். பதினேழாவது கேள்விக்கு நான் எழுதியதையும் சொன்னேன். சரசு தட்டைப் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மாரிமுத்து கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கோபம் இல்லை. நாடாவில் ஒரு அளவு சரிவராதபோது மறுபடி பிடிக்கச் சொல்லி என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அப்ப அன்னைக்கு நான் சைக்கிள்ல வரலைங்களா சேர்?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று இருபது வருடமாக நம்பிய மனிதர் அவர்.